மருமகன் ஓட்டும் படகு

அவன் பெயரை நான் சொல்ல மாட்டேன். கேட்காதீர்கள். மருமகன் பெயரை மாமியார் சொல்லும் வழக்கம் டார்வினுக்கு அப்பால், பூர்வகுடிகளான எங்கள் கரையில் கிடையாது. அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவனோடு பேசக் கூடாது, அவன் வரும் வழியில் நிற்கக் கூடாது. இதில் பகையும் இல்லை, பயமும் இல்லை. மரியாதை. அவ்வளவுதான்.

எனக்குப் பெண்ணே கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் பையன்கள். வயது நாற்பத்து நாலு. போன மே மாதம்வரை யாருக்கும் மாமியாராக இருக்கும் சிரமமில்லாமல் நிம்மதியாகக் கடலில் சுற்றிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருடமாக ரேஞ்சர் வேலை. கப்பல்காரர்கள் கைகழுவி விட்ட வலைகள் பேய் மாதிரி அலைந்து எங்கள் கரைக்கு வரும். அதில் மாட்டும் ஆமைகளை அறுத்து விடுவதும், வலையை இழுத்து வந்து குவிப்பதும் என் பிரிவு. படகை ஓட்டியவர் என் தாய்மாமன். முழங்கால் போய் அவர் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். உரிமம் உள்ள ஓட்டி வேறு யாரும் இல்லை. தீவுப்பக்கத்திலிருந்து ஒருவனை வரவழைத்தார்கள். இருபத்து நாலு வயது, தோளில் ஒரு பை, கையில் உரிமம்.

காலை டீ நேரத்தில் வந்து நின்றான். ரேடியோ பார்க்கும் டெல்வீன் அவனை விடவில்லை. ஊரில் யார் வந்தாலும் உறவு கண்டுபிடிக்காமல் அவளுக்கு டீ இறங்காது.

"உங்கம்மா யாரு, தம்பி?"

சொன்னான்.

"அவங்கம்மா?"

சொன்னான். டெல்வீன் விரலை மடக்கினாள், நிமிர்த்தினாள், மறுபடி மடக்கினாள். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"நோலீன், திரும்பிக்கோடி! உன் மாப்பிள்ளை வந்திருக்காரு!"

எங்கள் கணக்கில் உறவு பிறப்பிலேயே விழுந்துவிடும். பெண் இருந்தால்தான் மாமியார் என்பதில்லை. அவனுக்குப் பெண் கொடுக்கும் வரிசையில் நான் நிற்கிறேன், அது போதும். நான் கோப்பையோடு சுவரைப் பார்த்துத் திரும்பினேன். அவன் குளிர்ப்பெட்டியைப் பார்த்துத் திரும்பினான். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் ஆங்கஸ், எங்கள் ஒருங்கிணைப்பாளர். தெற்கிலிருந்து வந்த பலாண்டா; வெள்ளைக்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வந்து ஏழு மாதம் ஆகிறது, மூக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

"அதுக்குள்ள சண்டையா?" என்றார் பாவமாக. கையில் வேலை அட்டவணை. அதில் திங்கள் முதல் வெள்ளிவரை ஒரே படகில் நானும் அவனும்.

டெல்வீனுக்கு மூச்சே நின்றுவிடும்போல் இருந்தது.

சிரிப்புக்கு நடுவே அவள் விளக்கியதும் ஆங்கஸ் புரிந்துகொண்டார், பிறகு வெளிறினார். அட்டவணைக்குக் கீழே ஒரு கடிதம் இருந்தது. அடுத்த வியாழன் டார்வினிலிருந்து படகுப் பாதுகாப்பு ஆய்வாளர் வருகிறார். 'படகில் உள்ளோர் எந்நேரமும் ஒருவரோடொருவர் தடையின்றிப் பேசிக்கொள்ள வேண்டும்' என்று மூன்றாவது பத்தியில் இருந்தது.

"பேச முடியலைன்னா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டேன்.

"ஒருத்தர் இறங்கணும். ஓட்டியை இறக்க முடியாது."

அப்படியென்றால் நான். கரையில் என்ன வேலை தருவீர்கள் என்று கேட்டதற்கு ஆங்கஸ் தலையைச் சொறிந்தார். காட்டில் மரத்துக்கு மரம் கேமரா கட்டியிருக்கிறார்கள். காட்டுப்பன்றி நடந்தால் படம் பிடிக்கும். பன்றிகளுக்குக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் இல்லை. பதினோராயிரம் பன்றிப் பிட்டங்களின் படங்கள் கணினியில் காத்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

அன்று எனக்கு வந்த கோபத்தில் கோப்பையைத் தூக்கி எறிந்திருப்பேன். மருமகன் இருக்கும் அறையில் மாமியார் அப்படிச் செய்யக் கூடாது என்பதால் மெதுவாக வைத்தேன். அந்தக் கடல் என் அம்மா வழிக் கடல். அதைப் பார்த்துக்கொள்வது நான் விண்ணப்பம் போட்டு வாங்கிய வேலை இல்லை, பிறக்கும்போதே கூட வந்தது. அதை விட்டுவிட்டு நான் பன்றி எண்ணுவதா?

வேறு ஆளைப் படகில் போட்டு நடுவில் பேச வைக்கலாம் என்றால், மற்ற ரேஞ்சர்கள் எல்லாரும் பெரிய காட்டுத்தீ வராமலிருக்க முன்கூட்டியே புல் கொளுத்தத் தெற்கே போயிருந்தார்கள். ஆறு வாரம் கழித்துத்தான் வருவார்கள். மிச்சம் இருந்தது டெல்வீன். அவள் குளியல் தொட்டியைக் கண்டாலே வாந்தி எடுப்பவள்.

டெல்வீன் ஆங்கஸை மேலும் கீழும் பார்த்தாள், சந்தையில் பூசணிக்காய் பார்ப்பதுபோல.

"இவர் இன்னும் யாருக்கும் எதுவும் இல்லையே?"

"ஏழு மாசமா யாரும் என்னை உறவுல சேத்துக்கலை," என்றார் ஆங்கஸ். அதில் உண்மையாகவே ஒரு வருத்தம் இருந்தது.

"சரி, கேளுங்க. இவர் மாப்பிள்ளைக்கு மகன். அப்போ நோலீனுக்குப் பேரன். பேரன்கிட்ட பாட்டி பேசலாம், அப்பன் பேசலாம், யார் வேணா பேசலாம். நடுவுல உக்காந்து வாங்கி வாங்கிக் குடுக்கட்டும்."

"எனக்கு நாப்பத்தொரு வயசு!" என்றார் ஆங்கஸ். "அவருக்கு இருபத்து நாலு!"

"அதனாலென்ன? சின்ன வயசுலயே பெத்துட்டாரு."

குளிர்ப்பெட்டிப் பக்கமிருந்து மருமகன் குரல் வந்தது. மெதுவான குரல். "எனக்கும் ஒரு பையன் வேணும்னு ஆசைதான். ஆனா இவ்ளோ தாடியோட பொறப்பான்னு நினைக்கலை."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அடக்கினேன்.

ஆங்கஸ் அன்றிரவு தூங்கவில்லையாம். சந்தோஷத்தில். மறுநாள் காலையில் வந்ததும் "அப்பா, குட் மார்னிங்" என்றார். "மகனே, டீ போடு" என்றான் அப்பன். ஆள் ஓடிப் போய் டீ போட்டார். பெற்றால் இப்படி ஒரு பிள்ளை பெற வேண்டும்.

ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். படகில் இருக்கைகள் மூன்றே மூன்று. ஒன்று பின்பக்கம் ஓட்டிக்கு. மற்ற இரண்டும் ஓட்டியின் முகத்தை நேராகப் பார்த்தபடி. அந்தப் படகைக் கட்டியவன் மாமியார் இல்லாத ஊரில் பிறந்திருக்க வேண்டும். நான் ஐஸ்பெட்டியைப் படகின் முன்முனையான அணியத்தில் கவிழ்த்துப் போட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அலைக்கு அலை பெட்டி இடமும் வலமும் வழுக்கும், நானும் கூடவே வழுக்குவேன். ஆனால் முதுகு மட்டும் மருமகன் பக்கம் நேராக இருக்கும்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்து இறங்கினார். ஹிப்பெர்ட் என்று பெயர். தென்னை உயரம், வெள்ளைச் சட்டை, மார்பில் அட்டை, கழுத்தில் வினாடி பார்க்கும் கடிகாரம். பட்டறைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய டொயோட்டாவைக் கண்டதும் நின்றார். அதன் முன் இருக்கையில் எங்கள் ஊர் நாய்கள் மூன்று எப்போதும் தூங்கும். அவை ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டன. அதையும் அட்டையில் குறித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

படகில் ஏறும் முன் என் அக்குள் வியர்வையை இரண்டு கையிலும் வழித்து அவர் நெற்றியிலும் கன்னத்திலும் தேய்த்தேன். புது ஆளைக் கடலுக்குக் கூட்டிப் போகும்போது செய்ய வேண்டியது. நம் வாசனை அவர் மேல் இருந்தால்தான் அந்த இடம் அவரைத் தெரிந்துகொள்ளும்.

ஹிப்பெர்ட் அசையாமல் நின்றார். "இது வெயிலுக்குப் பூசுறதா?" என்று ஆங்கஸிடம் கேட்டார்.

"இல்ல சார். அறிமுகம்."

புறப்பட்டோம். தென்கிழக்குக் காற்று நாலு நாள் விடாமல் அடித்து ஓய்ந்த மறுநாள். நாலு நாள் அப்படி அடித்தால் வலை எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். தாடிப் பாறையில். ஹிப்பெர்ட் கையிலிருந்த வரைபடத்தில் அந்த இடத்தில் வெறும் நீலம்தான் இருந்தது.

"பேரா, உங்கப்பன்கிட்ட சொல்லு. இடது பக்கம் முங்கு பாறை."

நான் வாயை மூடுவதற்குள் படகு வலப்பக்கம் ஒதுங்கிவிட்டது. அதன் பிறகு ஆங்கஸ் கடமையாகத் திரும்பி, "அப்பா, இடது பக்கம் முங்கு பாறை" என்றார்.

"பாத்துட்டேன்னு பாட்டிகிட்ட சொல்லு மகனே."

"பாட்டி, அப்பா பாத்துட்டாராம்."

"சரின்னு சொல்லு."

"அப்பா, சரியாம்."

ஹிப்பெர்ட்டின் பேனா நின்றுவிட்டது. ஆங்கஸின் பக்கம் சாய்ந்து, "அந்த அம்மாவுக்குக் காது கேக்காதா?" என்றார்.

"பேரா, அவர் பேனா கீறுறதுகூட எனக்குக் கேக்குதுன்னு சொல்லு."

ஆங்கஸ் முழு உறவுமுறையையும் விளக்க ஆரம்பித்தார். பெண் இல்லாத மாமியார், மகனைவிட இளைய அப்பன் என்று பாதி சொல்லும்போதே படகு திறந்த கடலுக்கு வந்துவிட்டது. ஆங்கஸின் முகம் பச்சையானது. பின் ஒவ்வொரு செய்திக்கும் நடுவில் ஒரு முறை படகுக்கு வெளியே குனிந்தார். "அப்பா, பாட்டி சொல்றாங்க... ஒரு நிமிஷம்..." என்று குனிவார். நிமிர்வார். "வேகத்தைக் குறைக்கணுமாம்." குனியும் முன்பே வேகம் குறைந்திருக்கும். பாவம், பேரனுக்குச் சேதி சொல்வதில் எத்தனை அக்கறை! பின்னால் அப்பனும், அவனுக்கு முதுகைக் காட்டியபடி முன்னால் நானும், அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்போம்.

தாடிப் பாறை தெரிந்ததும் நான் எழுந்து நின்று கூவினேன். அங்கே இருக்கும் முன்னோர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். "நான்தான் வந்திருக்கேன்! கூட என் ஆளுங்க! இது பேரன், உடம்பு சரியில்ல! இந்த நீளமான ஆளு யாருன்னு எனக்கே தெரியாது, ஒண்ணும் பண்ணிடாதீங்க!"

வலை அங்கேதான் இருந்தது. பச்சை வலை, ஒரு வீட்டளவு. பாறையில் சிக்கி, நீரோட்டத்தில் விறைத்து நின்றது. நடுவில் ஒரு பேராமை. தலையை மட்டும் தூக்கி மூச்சு வாங்கி, மறுபடி அமிழ்ந்தது. பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. ஆனாலும் கத்தியை எடுக்கவில்லை.

"எதுக்குக் காத்திருக்கோம்?" என்றார் ஹிப்பெர்ட்.

"ஆலா உக்காரணும்," என்றேன். பாறைக்கு மேலே ஆலாக்கள் கீச்சிட்டுக்கொண்டு பாய்ந்து பாய்ந்து மீன் பிடித்தன. நீர் ஓடும்வரை அவை பறக்கும். ஓட்டம் நின்றதும் குஞ்சுமீன்கள் ஆழத்துக்கு இறங்கும், பறவைகள் பாறையில் வந்து உட்காரும். அப்போது வலை தொய்யும். அதற்கு முன் கை வைத்தால் வலை நம்மையும் சேர்த்து இழுக்கும்.

ஹிப்பெர்ட் கடலின் ஏற்ற இறக்க நேரம் போட்ட புத்தகத்தைப் பார்த்தார். "நீர் நிக்கறதுக்கு இன்னும் முப்பது நிமிஷம் இருக்கு."

"அது துறைமுகத்துக்கு எழுதினது. ஆலா இந்த இடத்து ஆளு."

பன்னிரண்டு நிமிடத்தில் முதல் ஆலா உட்கார்ந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் உட்கார்ந்தன. வலை தொய்ந்து நீரில் பரந்தது. நான் வயிற்றை விளிம்பில் வைத்துக் குனிந்து அறுக்க ஆரம்பித்தேன். ஆங்கஸ் கொக்கியால் வலையைத் தூக்கிப் பிடித்தார். முன் துடுப்பு ஒன்று விடுபட்டது. இரண்டாவதும் விடுபட்டது. அப்போதுதான் ஆங்கஸுக்கு மறுபடி குமட்டியது. குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கொக்கி, தொப்பி, பேரன் எல்லாம் தண்ணீரில்.

விழுந்தவர் காலில் வலை சுற்றிக்கொண்டது. அணியத்துக்குக் கீழே கிடந்தார், பின்பக்கம் இருந்து பார்த்தால் தெரியாது. பாறையையே பார்த்துக்கொண்டிருந்த மருமகனுக்குத் தெரிந்ததெல்லாம் படகு பாறையை நெருங்குவது மட்டும். எஞ்சினைப் பின்னுக்குப் போட அவன் நெம்புகோலைப் பிடிக்கும் சத்தம் கேட்டது. போட்டால் வலை விசிறியில் சுற்றும், வலையோடு ஆங்கஸும் போவார்.

சேதி சொல்ல வேண்டியவர் தண்ணீரில் கிடக்கிறார். யாரைக் கூப்பிடுவது?

உயிர் போகும் நேரத்தில் முறை பார்க்க மாட்டோம். நேராகவே கத்தியிருப்பேன், யாரும் என்னைத் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் என் கண்ணுக்கு நேரே வெள்ளைச் சட்டையில் ஒரு ஆள் வாயைப் பிளந்து நின்றார். யாருக்கும் எதுவும் ஆகாத ஆள்.

"ஏய்! நீயும் என் பேரன்தான்!" என்று எங்கள் மொழியில் அலறினேன். "உங்கப்பன்கிட்ட சொல்லு, எஞ்சினை நிறுத்தட்டும்! உங்கண்ணன் வலையில கிடக்கான்!"

ஹிப்பெர்ட்டுக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. ஆனால் எஞ்சின் செத்தது. அவர் கை பழக்கத்தில் கடிகாரத்தை அமுக்கியிருந்தது. பிறகு ஏதோ தன்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று தோன்றியதுபோல மருமகனைப் பார்த்துத் திரும்பி, என் முகத்தில் இருந்த பதற்றத்தை எல்லாம் தன் முகத்தில் கொண்டுவந்து, கையை மட்டும் ஆட்டினார்.

"சொல்லிட்டியா? நல்ல பிள்ளை. இப்போ அண்ணன் காலரைப் பிடி," என்றான் மருமகன். ஹிப்பெர்ட்டுக்குக் காலர் என்பது மட்டும் புரிந்தது. பிடித்தார். நல்ல கை, நீளமான கை. நான் நாலு வெட்டில் காலை விடுவித்தேன். அடுத்த இரண்டு வெட்டில் ஆமை. அது போகிற போக்கில் துடுப்பால் ஹிப்பெர்ட் முகத்தில் ஒரு வாளி தண்ணீரை வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனது.

இழுத்துப் போட்ட ஆங்கஸ் படகுக்குள் மல்லாந்து கிடந்தார். இருமினார். ஹிப்பெர்ட்டைப் பார்த்தார். "வாழ்த்துகள் சார். இப்போ நீங்க என் தம்பி."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நான் கடலைப் பார்த்துச் சிரித்தேன், மருமகன் எஞ்சினைப் பார்த்துச் சிரித்தான். ஐஸ்பெட்டி என்னைத் தூக்கிக் கீழே தள்ளும்வரை சிரித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் ஹிப்பெர்ட் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, "அப்பா... பாட்டி..." என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கரையில் ஈரச் சட்டையோடு அட்டையை எடுத்து வாசித்தார். "கட்டளைக்கும் செயலுக்கும் நடுவில் ஒரு வினாடிக்கும் குறைவு. இதுவரை நான் பார்த்த படகுகளில் இவ்வளவு வேகமாக யாரும் சொல் கேட்டதில்லை. மத்த இடத்துல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துவாங்க."

டெல்வீன் என் தோளில் குத்தினாள். நான் கூவ வாயெடுத்தேன்.

"ஆனா," என்றார் ஹிப்பெர்ட், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஐஸ்பெட்டி இருக்கை ஆகாது. ஓடுற படகுல ஆள் இருந்தா, போல்ட் போட்ட இருக்கையில இருக்கணும். மன்னிச்சுக்குங்க... பாட்டி. அது இல்லாம உங்களை ஏத்தினா, நானே கையெழுத்துப் போட்டு உங்களைக் கொல்ற மாதிரி."

பொய் சொல்லவில்லை அவர். அந்தப் பெட்டி என்னைத் தள்ளியதை அவரே பார்த்தார். புது இருக்கைக்கு எழுதிப் போட்டால் அடுத்த வருடம் வரும் என்றார் ஆங்கஸ். அதுவரை பன்றி.

வெள்ளிக்கிழமை நானூறு பிட்டங்கள் எண்ணினேன். ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பையன்கள் பேச்சுக் கொடுத்தார்கள், எரிந்து விழுந்தேன். சிரித்த வாய் சீக்கிரம் கசந்துவிடுகிறது.

திங்கள் காலை உயிர்காப்புச் சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பட்டறை வாசலில் மூன்று நாய்களும் வெறுந்தரையில் உட்கார்ந்து, சொத்தைப் பறிகொடுத்தவை மாதிரி முறைத்தன. டொயோட்டாவை எட்டிப் பார்த்தேன். முன் இருக்கை இருந்த இடத்தில் புல் தெரிந்தது.

படகு வண்டியில் ஏற்றி நின்றது. அணியத்தில், நாலு புது போல்ட் போட்டு, கடலைப் பார்த்து ஓர் இருக்கை. ஓட்டிக்கு நேராக முதுகு. தலைசாய்க்கக்கூட இடம் இருந்தது. நாய்முடி இன்னும் முழுதாகப் போகவில்லை.

டெல்வீன் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாள். ஆங்கஸ் இருக்கையின் படத்தை டார்வினுக்கு அனுப்பிவிட்டதாகவும், "தம்பி சரின்னுட்டான்" என்றும் சொன்னார். பட்டறைக்குப் பின்னால், எனக்கு முதுகைக் காட்டியபடி, ஒருவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் கொப்புளம்.

நான் ஏறி உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடத்தில் அந்தப் படகில் எனக்கென்று யாரும் ஓர் இடம் செய்து வைத்ததில்லை.

"பேரா," என்றேன். "உங்கப்பன்கிட்ட சொல்லு. இருக்கை கொஞ்சம் உயரம்."

"அப்பா, கொஞ்சம் உயரமாம்."

"மகனே, பாட்டிகிட்ட சொல்லு. ரெண்டு அலைக்கு அமுங்கிடும்."

படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். எஞ்சின் உறுமியது. என் முன்னால் யாரும் இல்லை, வெறும் கடல். பின்னால் இருப்பவன் என் முகத்தைப் பார்க்கவே மாட்டான். தாடிப் பாறை தெரியும்வரை தாராளமாக அழுதுகொண்டே போனேன்.